மூன்று எழுத்துத் தள்ளி



ஒரு வெள்ளிக்கிழமை மகரிபுத் தொழுகை முடிந்து வீடு திரும்பினேன். கூடத்தில் என் துணைவியாரோடு அண்டை வீட்டுச் சகோதரி அமர்ந்திருந்தார். திருச்சி பாலக்கரையில் எங்கள் தெருவில் நெடுங்காலமாக வாழும் குடும்பம் அது. கணவருக்குப் பெரிய கடைவீதியில் சிறியதொரு கடை. ஒரே மகள், நகரிலுள்ள கல்லூரி ஒன்றில் கணிப்பொறி அறிவியல் பயில்கிறாள். சகோதரியின் கண்கள் சிவந்திருந்தன. மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை என் துணைவியாரிடம் கொடுத்தார். அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, இது என் மகளின் பாடப் புத்தகத்துக்குள் இருந்தது. தமிழ் எழுத்துத்தான், ஆனால் ஒரு வரிகூடப் புரியவில்லை. புரிகிற சொல் ஒன்றே ஒன்றுதான். அது 'அம்மா'. மூன்று இடத்தில் அம்மா, அம்மா என்று எழுதியிருக்கிறாள். என்னைப் பற்றி யாருக்கு என்ன எழுதுகிறாள்? நீங்கள் மாதாமாதம் புதிர்க்கணக்கெல்லாம் போடுகிறீர்களே, இதையும் படித்துச் சொல்லுங்கள்."

பருவம் வந்த பெண்ணின் புத்தகத்தில் படிக்க முடியாத எழுத்து கிடைத்தால் பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தாளை விளக்கருகே கொண்டு சென்று பார்த்தேன்.

இலக்கணம் காட்டிக் கொடுத்தது

"றட்ஞி" என்றொரு சொல். "எர்ரநி" என்று மற்றொன்று. இடையிடையே தெளிவாக "அம்மா". தமிழ்ச் சொல் எதுவும் 'ற'கரத்தில் தொடங்குவதில்லை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 'ர்' என்னும் மெய் தன்னோடு தானே சேர்ந்து இரட்டிப்பதில்லை என்பதும் நம் இலக்கணம். 'அப்பர்', 'பக்கம்', 'தட்டு' என்று பிற மெய்கள் இரட்டிக்கும். 'ர்ர' என்று தமிழில் வாராது. எனவே இங்கே எழுத்து இடம் மாறி நிற்கிறது. 'ர'கரத்தின் இருக்கையில் இருக்க வேண்டியது வேறோர் எழுத்து.

எகரத்தில் தொடங்கி, இரட்டித்த மெய் வந்து, இகரத்தில் முடியும் சிறு சொல் எது? "எப்படி" என்று வைத்துப் பார்த்தேன். நன்னூல் வரிசையை விரல்விட்டு எண்ணினேன். 'ப' என்பதற்கு அடுத்து ம, ய, ர. மூன்றாவது இடத்தில் 'ர'. 'ட' என்பதற்கு அடுத்து ண, த, ந. அங்கும் மூன்றாவது இடம்! ஐயமில்லை. மெய் ஒவ்வொன்றும் மூன்று எழுத்துத் தள்ளி உட்கார வைக்கப்பட்டிருக்கிறது. உயிரெழுத்தும் கொம்பும் காலும் புள்ளியும் அவையவை இருந்த இடத்திலேயே நிற்கின்றன.

அப்படியானால் அந்த "அம்மா"? 'ம' என்பதிலிருந்து மூன்று எழுத்துப் பின்னே நடந்தால் ப, ந, த. ஆக அது அம்மா அன்று, "அத்தா"!

எங்கள் பக்கத்தில் தந்தையை அத்தா என்றே அழைப்போம். தாய் தன்னைப் பற்றியது என்று எண்ணி அழுத அந்தச் சொல், தந்தையைக் குறித்தது. கையில் திறவுகோல் கிடைத்துவிட்டது. மீதி வரிகளைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அங்கே நிறுத்திக்கொண்டேன். பிறர் மறைத்ததைத் துருவிப் பார்க்க மார்க்கம் நமக்கு அனுமதி தரவில்லை. ஒரு மகள் தன் தந்தையைப் பற்றி எழுதியது எனக்குரிய செய்தியும் அன்று. தாளை மடித்து, "சகோதரி, இது உங்களைப் பற்றியது அல்ல. தவறான செய்தியாகவும் எனக்குத் தோன்றவில்லை. மகளிடமே கேளுங்கள், கோபமாகக் கேட்காதீர்கள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தத் தாள் அப்புறம் என்னவாயிற்று என்பதைச் சொல்வதற்கு முன், எழுத்தை இடம் மாற்றி எழுதும் இந்தக் கலையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம்.

சீசரும் அல்கிந்தியும்

ரோமாபுரித் தளபதி ஜூலியஸ் சீசர் தம் அந்தரங்கக் கடிதங்களை மூன்று எழுத்துத் தள்ளி எழுதினார் என்று சூட்டோனியஸ் என்னும் ரோம வரலாற்றாசிரியர் குறித்திருக்கிறார். 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'டி', 'பி' வர வேண்டிய இடத்தில் 'இ'. இன்றும் உலகெங்கும் இம்முறைக்குச் சீசர் முறை என்றே பெயர். நம் நாட்டிலும் மறைமொழிக்குப் பஞ்சமில்லை. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நம் இலக்கணம் தனியே வகுத்து வைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு. திருச்சி மாவட்டத்து மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியது நம்மில் மூத்தோர் பலர் கண்ட காட்சி. க என்னும் எழுத்தை ஒவ்வோர் அசைக்கும் முன்னால் போட்டுப் பேசும் 'க' பாஷை, சிறுவயதில் நாம் எல்லோரும் விளையாடியதுதானே!

மறைத்து எழுதுவது பழங்கலை என்றால், மறைத்ததைத் திறப்பதை முறையான அறிவியலாக்கியவர்கள் அரபு அறிஞர்கள். பஸ்ராவில் 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண மேதை அல்கலீல் இப்னு அஹ்மத், கிரேக்கத்தில் வந்த மறைமொழிக் கடிதம் ஒன்றைப் படித்துவிட்டதாகச் சொல்வார்கள். எப்படி? கடிதம் இறைவன் பெயரால் தொடங்கியிருக்கும் என்று ஊகித்து, முதல் எழுத்துகளுக்குப் பொருள் கண்டு, அதிலிருந்து மற்றவற்றைப் பிடித்தாராம். 'எப்படி' என்ற சொல்லை வைத்து நான் செய்ததும் அதே வேலைதான்.

அவருக்குப் பின், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்தவர் யஅகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி. மறைமொழியைத் திறப்பது குறித்துத் தனி நூலே எழுதினார். இஸ்தான்புல் நகரின் சுலைமானியா நூலகச் சுவடிகளிடையே கிடைத்த அந்நூல் 1987ஆம் ஆண்டு டமாஸ்கஸில் பதிப்பிக்கப்பட்டது. அவர் சொன்ன வழி எளியது. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும். சில அரிதாகவே வரும். அம்மொழியில் எழுதப்பட்ட சாதாரணப் பக்கம் ஒன்றை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுக. பிறகு மறைமொழிப் பக்கத்தையும் அவ்வாறே எண்ணுக. அங்கு மிகுதியாக வந்த எழுத்தும் இங்கு மிகுதியாக வந்த குறியும் ஒன்றே எனக் கொண்டு பொருத்திப் பார்க்க. அரபியில் அலிஃபும் லாமும் மிகுதி. ஆங்கிலத்தில் 'இ' என்னும் எழுத்து நூற்றுக்கு ஏறத்தாழ 12 முறை வரும். எழுத்துக்கு முகமூடி போடலாம். அது வரும் எண்ணிக்கைக்கு முகமூடி போட முடியாது.

மறைமொழியை அரபியில் 'முஅம்மா' என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் 'சைஃபர்' என்ற சொல்லோ, பூஜ்யத்தைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது.

எழுத்து எண்ணாகும் விந்தை

சனிக்கிழமை காலை அந்தப் பெண்ணே தன் தாயோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் மடிக் கணிப்பொறி. முகத்தில் அழுத தடம் இருந்தாலும் ஒரு தெளிவும் இருந்தது. "மாமா, நான் எழுதிய பூட்டை நீங்கள் எத்தனை நேரத்தில் திறந்தீர்கள்?" என்று கேட்டாள். "இரண்டு சொல்லில்" என்றேன். நாணத்தோடு சிரித்தாள். எப்படிச் செய்தாய் என்று கேட்டதும் கணிப்பொறியைத் திறந்து விளக்கினாள். இளைய வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே தருகிறேன்.

அவள் எழுதியது சி மொழியில். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி அது. அரை நூற்றாண்டு கடந்தும் கல்லூரிகளில் முதற்பாடமாக நின்று நிலவுகிறது. கணிப்பொறிக்கு எழுத்து என்பதே தெரியாது. எண் ஒன்றுதான் தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' என்பதற்கு 65, 'பி' என்பதற்கு 66. இப்படியே 'இசட்' வரை 90.

இது நமக்குப் புதிதன்று. அலிஃபுக்கு 1, பேக்கு 2, ஜீமுக்கு 3, தாலுக்கு 4 என்று அப்ஜத் கணக்கு நம் கித்தாபுகளில் உண்டு. பிஸ்மில்லாஹ் வாசகத்தின் எழுத்துகளுக்கு அந்த எண்களைப் போட்டுக் கூட்டினால் நான்கு சொற்களுக்கும் முறையே 102, 66, 329, 289 வரும், மொத்தம் 786. அவ்வாறு எண்ணாக எழுதலாமா கூடாதா என்பது ஆலிம்கள் பேச வேண்டியது. எழுத்தை எண்ணாக்கும் எண்ணம் நம் வீட்டுக் கதவுகளில் நெடுநாளாக இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது. அதுபோலவே ஒரு மொழியின் ஒலியை மற்றொரு மொழியின் எழுத்தில் ஏற்றலாம் என்பதற்கு நம் அரபுத்தமிழே சான்று. தமிழை அரபு எழுத்தில், அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியும் கோடும் கூட்டி எழுதினார்கள் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் அந்த எழுத்தில் நூல்கள் இயற்றினார்கள். மறைப்பதற்காக அல்ல; மார்க்கத்தைக் குடும்பங்களுக்குக் கொண்டு சேர்ப்பதற்காக. கருவி ஒன்றுதான், கருத்து வேறு.

இனி நிரல். எழுத்து ஒவ்வொன்றாக எடு. அது பெரிய எழுத்து 'ஏ' முதல் 'இசட்' வரைக்குள் அடங்கியதா என்று பார். அடங்காவிட்டால் அப்படியே விடு. அடங்கினால் அதன் எண்ணிலிருந்து 65ஐக் கழி. இப்போது 'ஏ' என்பது 0, 'இசட்' என்பது 25. அதனோடு 3 கூட்டு. 26ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். மீண்டும் 65 கூட்டு. எழுத்தாக அச்சிடு. இவ்வளவே! முழு நிரலும் இருபது வரிக்குள் அடங்கும்.

வகுத்து மீதியை ஏன் எடுக்க வேண்டும்? கடிகாரத்தில் 10 மணிக்குமேல் 5 மணி நேரம் சென்றால் 15 என்று சொல்வதில்லை, 3 என்கிறோம். அதுபோல 'எக்ஸ்' என்பதிலிருந்து மூன்று தள்ளினால் 'இசட்'டைத் தாண்டிச் சுற்றிவந்து 'ஏ'யில் நிற்க வேண்டும். சி மொழியில் நூற்றுவீதக் குறியே இந்த மீதியைத் தரும்.

"இதில் முதல் நாள் வழுக்கி விழுந்தேன் மாமா" என்றாள். மறைத்ததைத் திறக்க 3ஐக் கூட்டுவதற்குப் பதில் கழித்தால் போதும் என்று எழுதினாளாம். 'டி' முதல் 'இசட்' வரை சரியாகத் திரும்பின. 'எக்ஸ்', 'ஒய்', 'இசட்' வர வேண்டிய இடங்களில் மட்டும் அம்புமுனை, கேள்விக்குறி, சுழிக்குறி என்று வந்து நின்றன. காரணம் இது: 'ஏ'யின் 0இலிருந்து 3 கழித்தால் −3. அதை 26ஆல் வகுத்தால் சி மொழி −3 என்றே மீதி சொல்லும். 23 என்று சொல்லாது. −3 உடன் 65 கூட்ட 62. அந்த எண்ணில் குடியிருப்பது எழுத்தன்று, அம்புமுனைக் குறி. கழிப்பதற்கு முன் 26ஐச் சேர்த்துக்கொண்டால் பிழை நீங்கிவிடும். ஒரு மாலை முழுதும் தேடி இதைக் கண்டுபிடித்தவள் இவளுடைய தோழி. ஸ்ரீரங்கத்துப் பெண். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

அந்த ஊர் மண்ணுக்கும் கணிப்பொறிக்கும் உறவு உண்டு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாதான் தமிழ் வாசகர்களுக்குக் கணிப்பொறியை எளிய தமிழில் அறிமுகம் செய்த முன்னோடி. அவரும் நம் மேனாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களும் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்றவர்கள். காவிரியின் இரு கரையிலிருந்தும் ஒரே வகுப்பறைக்குப் பிள்ளைகள் வருவது இவ்வூரின் பழைய வழக்கம்.

தமிழில் ஏறிய பூட்டு

பிறகு இருவருக்கும் தமிழில் செய்து பார்க்க ஆசை. 'க'வின் எண்ணோடு 3 கூட்டினார்கள், எழுத்தே வரவில்லை. கணிப்பொறியில் தமிழ் எழுத்துகளின் எண்கள் அடுத்தடுத்து அமையவில்லை. 'க'வின் எண் 2965. அடுத்துள்ள 'ங'வின் எண் 2969. இடையில் உள்ள மூன்று இருக்கைகளும் காலி. தவிரவும், ஆங்கில எழுத்துக்குச் சி மொழி ஒதுக்கும் ஒற்றை இடத்துக்குள் தமிழ் எழுத்து அடங்காது. இப்போது பெரிதும் வழங்கும் முறையில் அதற்கு மூன்று இடம் வேண்டும். எனவே மெய்வரிசை 18ஐயும் அணி ஒன்றில் தாங்களே அடுக்கி, 26க்குப் பதில் 18ஆல் வகுத்து மீதி கண்டார்கள். 'கடிதம்' என்று தட்டினால் 'ஞநிமல்' என்று வரும்.

ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை அந்த 18இல் இல்லாததால் அவற்றைத் தொடாமல் விட்டார்கள். ஆகவே 'ஹஜ்' என்ற சொல் எத்தனை இடம் தள்ளினாலும் 'ஹஜ்' என்றே நிற்கும்! நம் வீட்டுப் பெயர்கள் பலவும் பாதி முகம் தெரியும்படி நிற்கும். நல்ல பூட்டுக்கு இது அழகன்று.

அதைவிடப் பெரிய குறை, சாவிகள் மிகச் சில என்பது. ஆங்கிலத்தில் 25, தமிழில் 17. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது. பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி தெரியாதவரை பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று கெர்க்கோஃப்ஸ் என்னும் அறிஞர் 1883ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்த அடிப்படையில் அமைந்தவைதான் இன்று வங்கிகளும் கைப்பேசிகளும் பயன்படுத்தும் பூட்டுகள். அவற்றின் அமைப்பை எவரும் நூலில் படிக்கலாம். சாவிகளின் எண்ணிக்கையோ 39 இலக்கம் கொண்ட எண்! உலகிலுள்ள கணிப்பொறிகள் எல்லாம் சேர்ந்து முயன்றாலும் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிக்க இயலாது.

தாளில் இருந்தது என்ன?

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "வங்கியின் பூட்டை யாரும் உடைக்கவில்லை மாமா. அத்தாவே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்" என்றாள்.

அந்தப் புதன்கிழமை மாலை கடையில் கூட்டமாக இருந்த நேரம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் அழைத்திருக்கிறான். அன்றிரவே கணக்கு முடங்கிவிடும் என்று மிரட்டி, கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டிருக்கிறான். தந்தையும் சொல்லிவிட்டார். மகளின் மேற்படிப்புக்கென்று சேர்த்து வைத்த பணம் சில நிமிடங்களில் போய்விட்டது. இரவு குறுஞ்செய்தியைப் பார்த்த மகள் கேட்டபோது, "உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், வெளியே தெரிந்தால் கடைவீதியில் தலைகாட்ட முடியாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். வீட்டில் கைப்பேசி பலர் கையில் புழங்கும். ஆகவே தோழியிடம் யோசனை கேட்கத் தாங்கள் செய்த மறைமொழியில் தாளில் எழுதியிருக்கிறாள். "றட்ஞி" என்று நான் கண்டது "வங்கி". "எர்ரநி" என்பது, எப்படிப் புகார் செய்வது என்ற கேள்வி. மூன்று இடத்தில் இருந்த "அம்மா", மூன்று முறை எழுதிய "அத்தா".

தாய் அன்றிரவு கோபமின்றிக் கேட்டதும் மகள் உடைந்து அழுதிருக்கிறாள். தந்தையும் பக்கத்து அறையிலிருந்து வெளியே வந்து தாமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகாரைப் பதிந்தார்கள். இணையவழிப் பண மோசடிக்கென்று அரசு வைத்திருக்கும் உதவி எண் அது. தொகையில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்த கணக்கிலேயே முடக்கப்பட்டது. அதை மீட்கும் நடைமுறை நடந்துவருகிறது. மற்றொரு பகுதி அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. புதன்கிழமை இரவே அழைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். வெட்கத்தால் வாய்மூடியிருந்த இரண்டு நாளுக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது.

இதை எழுத அவர்களிடம் அனுமதி கேட்டேன். தந்தையார் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின், "பெயரை விட்டுவிட்டு எழுதுங்கள். என்னைப்போல் இன்னொருவர் இரண்டு நாள் சும்மா இருந்துவிடக் கூடாது" என்றார்.

மலைக்கோட்டை கண்ட பாடம்

இவ்வூருக்கு இப்பாடம் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டில் திருச்சிக் கோட்டைக்காக நீண்ட போர் நடந்தது. கோட்டைக்குள் நவாப் முஹம்மது அலியின் தரப்பும் ஆங்கிலப் படையும். ஸ்ரீரங்கத்தில் மைசூரின் நஞ்சராஜர் முகாமிட்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் அவர் பக்கம். முற்றுகைக் காலத்தில் கோட்டைக்கு உணவுப் பொருள் வந்து சேர அரும்பாடுபட்ட வீரர் யூசுப் கான். மருதநாயகம் என்று நாம் அறிந்தவர். 1754ஆம் ஆண்டு அவர் எதிரியோடு உறவாடுகிறார் என்று ஐயம் விழும்படி ஒரு கடிதம் வெளிப்பட்டது. அவர் தலைக்கே ஆபத்து. விசாரித்தபோது உண்மை வேறாக இருந்தது. எதிரியோடு உறவாடியவர் ஆங்கிலத் தளபதிகளின் துபாஷியான பொன்னியப்பன். யூசுப் கான்மீது பழி விழச் செய்ததும் அவரே. யூசுப் கான் தப்பினார். துபாஷி பீரங்கி வாயில் உயிர் துறந்தார். ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றிருக்கிறது.

கோட்டைச் சுவர் அன்றைக்கும் உறுதியாகவே இருந்தது. எந்த வாயின் வழியாகச் செய்திகள் எல்லாம் கடந்து சென்றனவோ அந்த வாய்தான் பிளவுபட்டிருந்தது. இன்று நம் ஒவ்வொருவர் கைப்பேசியும் ஒரு கோட்டை. சுவரைப் பற்றிக் கவலை வேண்டா. அறிஞர்கள் நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். வாயிலில் நிற்பவர் நாம்.

ஆகவே சகோதர சகோதரிகளே, சில சொற்கள். கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண் சாவி. அதைக் கேட்பவர் எவராயினும் சொல்லாதீர்கள். எந்த வங்கியும் அதைத் தொலைபேசியில் கேட்பதில்லை. அட்டையின் நான்கு இலக்க எண்ணை, ஒவ்வோர் இலக்கத்திலும் ஒன்றைக் கூட்டி நாட்காட்டியின் பின்புறம் எழுதி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதுவும் சீசர் பூட்டுத்தான், குழந்தையும் திறந்துவிடும். ஏமாந்துவிட்டீர்களா? உடனே 1930ஐ அழையுங்கள். ஏமாந்தது குற்றமல்ல, ஏமாற்றியதுதான் குற்றம். வீட்டில் ஒருவர் ஏமாந்தால், "உனக்கு அறிவில்லையா?" என்பது நம் முதற்சொல்லாக இருக்க வேண்டாம். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே அந்தத் தந்தை இரண்டு நாள் பேசாதிருந்தார்.

பிள்ளைகளின் புத்தகத்தில் புரியாத எழுத்து கிடைத்தால், புரிகிற ஒரு சொல்லை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அது மூன்று எழுத்துத் தள்ளி நிற்கும் வேறொரு சொல்லாகவும் இருக்கலாம்.

இளைய வாசகர்களுக்கு இம்மாதப் புதிர்: "அழாடிரழ் வேயுண." மெய்களை மட்டும் தள்ளியிருக்கிறேன், எத்தனை எழுத்து என்று சொல்லமாட்டேன், மூன்று அல்ல என்று மட்டும் சொல்வேன். கணிப்பொறி இல்லாதவர்களுக்கு நன்னூல் வரிசையும் பத்து விரல்களும் போதும். விடை அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.